கறுப்புக் குடை இருபத்தேழு

"இருபத்தாறு இருக்கு. பதினாலு ரெண்டு இருக்கு. இருபத்தேழு மட்டும் இல்லீங்க!" என்று ஏணியின் உச்சியிலிருந்து அறிவித்தார் பழைய புத்தகக் கடைக்காரர்.

"அடியில எங்கயாவது கிடக்கும், நல்லாப் பாருங்க," என்றார் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கண்ணாடிக்காரர்.

"அடியில கிடக்கும்னா என்னை எதுக்குங்க மேல ஏத்திவிட்டீங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் கண்ணாடிக்காரர் நியாயம் பார்க்கும் நிலையில் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்காவின் பணி ஓய்வு விருந்து. அதற்குள் 'கறுப்புக் குடை' படக்கதை வரிசையில் இருபத்தேழாம் இதழ் கிடைத்தாக வேண்டும். முதல் இருபத்தாறையும் எங்கெங்கோ அலைந்து சேர்த்து, ஒவ்வொன்றையும் தனி உறையில் போட்டு, ஒரு மரப்பெட்டியில் அடுக்கியாகிவிட்டது. கடைசி உறை மட்டும் வாயைப் பிளந்துகொண்டு காலியாக இருந்தது.

கறுப்புக் குடை ஒரு துப்பறிவாளன். கூரைக்குக் கூரை தாவித் திருடர்களைப் பிடிப்பான். கையில் எப்போதும் ஒரு குடை இருக்கும். கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்தாலும் அதை விரிக்கமாட்டான். கேட்டால், அது ஆயுதம் என்பான்.

கண்ணாடிக்காரர் சின்னப் பையனாக இருந்தபோது கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு கண்ணிலும் கட்டு. அரிப்புத் தாங்காமல் கட்டைப் பிய்ப்பதும், மருந்தைத் துப்புவதும், கட்டிலை உதைப்பதுமாக வீட்டையே ரணகளம் பண்ணிக்கொண்டிருந்தார். அக்கா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் கட்டிலோரம் உட்கார்ந்து கறுப்புக் குடையை வாசித்துக் காட்டுவாள். அவள் குரல் கேட்டால்தான் கை அடங்கும். அவள் இல்லையென்றால் கட்டு போயிருக்கும், கூடவே கண்ணும் போயிருக்கும். இன்று ஊரார் மூக்கிலெல்லாம் கண்ணாடி மாட்டிப் பிழைக்கிறார் என்றால் அது அக்கா போட்ட பிச்சை. இதை அவர் யாரிடமும் சொல்லத் தயங்கியதில்லை, அக்காவைத் தவிர. அவளிடம் சொல்ல வாயைத் திறந்தால் 'சாப்பிட்டியா அக்கா' என்றுதான் வரும். அதனால்தான் இந்தப் பெட்டி.

கடைக்காரர் மேலே ஒரு புத்தகத்தைக் கை எட்டுகிற தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்துப் படிப்பதைக் கண்ணாடிக்காரர் கவனித்தார். மூளையில் பளிச்சென்றது.

"இறங்குங்க. புத்தகம் இங்கதான் இருக்கு. உங்களுக்குக் கண்ணு தெரியலை."

கையோடு தன் கடைக்கு இழுத்துப் போய், கண் பரிசோதித்து, நல்ல சட்டமாகப் பார்த்து ஒரு கண்ணாடி மாட்டிவிட்டார். காசு வாங்கவில்லை. கடைக்காரர் தெருவைப் பார்த்தார், தன் உள்ளங்கையைப் பார்த்தார், நெகிழ்ந்துபோனார்.

"உங்களை மறக்கமாட்டேங்க."

"என்னை மறந்தாப் பரவாயில்லை. இருபத்தேழை மறந்துடாதீங்க."

இரண்டு நாள் கழித்துப் போனால் கடை பாதி சாத்தியிருந்தது. உள்ளே கடைக்காரர் ஒரு மூட்டை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்.

"தேடினீங்களா?"

"எங்கீங்க தேடறது? கண்ணு தெரிஞ்சதும் படிக்க ஆரம்பிச்சுட்டேன். இத்தனை நாளா என்னத்தை வித்துக்கிட்டு இருந்தேன்னே எனக்குத் தெரியலை. எல்லாம் பிரமாதமா இருக்குதுங்க!"

வேறு வழியில்லாமல் கண்ணாடிக்காரர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். விளம்பரத்துக்குச் சொல்லுக்குச் சொல் காசு என்பதால் 'படக்கதை', 'இதழ்', 'எண்' என்பதையெல்லாம் வெட்டிவிட்டார். இப்படி வந்தது: 'கறுப்புக் குடை 27 அவசரமாகத் தேவை. கிழிசல் கூடாது.'

மறுநாள் மத்தியானமே வீட்டிலிருந்து மனைவியின் போன்.

"ஏங்க, கறுப்புக் குடை வந்திருக்கு."

கண்ணாடிக்காரர் கையிலிருந்த லென்ஸைத் தவறவிட்டார். "இருபத்தேழா?"

"ஆமா, நானே எண்ணிட்டேன்."

"கிழிசல் இல்லாம இருக்கா?"

"எல்லாம் புத்தம்புதுசு."

"அந்தக் காலத்துச் சரக்கு புதுசாவே வந்திருக்கா! பணத்தைக் குடுத்து வாங்கி வெச்சுடு. ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது, சொல்லிட்டேன்."

"தண்ணி படக்கூடாதா? அப்புறம் குடை எதுக்குங்க?"

அந்தக் கேள்வி அவர் காதில் விழவில்லை. வாடிக்கையாளர் ஒருவரை ஒற்றைக் கண்ணை மூடச் சொன்னவர், திறக்கச் சொல்லாமலேயே வீட்டுக்கு ஓடினார். வாசலிலிருந்து சமையலறை வரை குடைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. எண்ணிக்கை துல்லியமாக இருந்தது.

"விருந்துக்கு வர்றவங்களுக்குக் குடுக்கத்தான் வாங்கறீங்கன்னு நெனச்சேன்," என்றாள் மனைவி. "நல்ல யோசனைதானேன்னு எனக்கே பெருமையா இருந்துச்சு."

குடை வியாபாரி திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். சரி, கண்ணாடி வாங்கினால் குடை இலவசம் என்று கடையில் ஓர் அட்டை தொங்கவிட்டார் கண்ணாடிக்காரர். அன்றைக்குப் பார்த்தா மழை பிடித்துக்கொள்ள வேண்டும்? கழுகுக் கண் உள்ளவர்களெல்லாம் உள்ளே வந்து, பரிசோதனைப் பலகையில் பானை அளவு பெரிய எழுத்தைப் பார்த்து, "அங்க ஏதாவது எழுதியிருக்கா சார்?" என்று கேட்டார்கள். கூட்டத்தைச் சமாளித்து, கண் நன்றாக இருப்பவர்களுக்கு அதை நிரூபித்துக் கெஞ்சி அனுப்புவதற்குள் அவருக்கே கண் இருட்டிக்கொண்டு வந்தது.

கடைசியில், வேறு போக்கிடம் தெரியாமல், அக்காவுக்கே போன் போட்டார். விஷயத்தை உடைக்காமல் நைசாகக் கேட்டார்.

"அக்கா, சும்மாதான் கேக்கறேன். அப்போ அந்தக் கறுப்புக் குடை இருபத்தேழை எந்தக் கடையில வாங்கினே?"

எதிர்முனையில் அக்கா திக்கினாள்.

"எ... எந்த இருபத்தேழு? ஐயோ, அடுப்புல பால் பொங்குதுடா, வைக்கறேன்!"

மறுபடி கூப்பிட்டார். அத்தான் எடுத்தார்.

"பாலா? உங்க அக்கா வராந்தாவுல உட்கார்ந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கா. போனைப் பார்த்ததும் என்கிட்ட தள்ளிவிட்டுட்டா. என்னப்பா விஷயம்?"

அக்காவுக்கு வயதாகிவிட்டது, மறதி வந்துவிட்டது என்று கண்ணாடிக்காரர் மனம் கலங்கினார். இருபத்தேழை எப்படியும் அவள் கையில் சேர்த்துவிட வேண்டும் என்ற வேகம் இன்னும் கூடியது.

மழை விடாத சாயங்காலத்தில் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டும் இன்னொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டும் பழைய புத்தகக் கடைக்குப் போனார். கக்கத்துக் குடையைக் கடைக்காரரிடம் நீட்டினார்.

"வெச்சுக்குங்க. தேடினதுக்கு நன்றி. கிடைக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு."

கடைக்காரர் அவரை மூட்டை மேல் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். ஆறுதலாகக் கேட்டார், "அப்படி என்னதாங்க இருக்குது அந்த இருபத்தேழுல?"

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. கண்கட்டு, அக்கா, கட்டிலோரம், எல்லாம் சொன்னார். கதைக்கு வந்தார்.

"வில்லன் கூரை மேல ஓடறான். கறுப்புக் குடை துரத்துறான். திடீர்னு நிக்கறான். சட்டைப் பையிலேர்ந்து மருந்து பாட்டிலை எடுக்கறான். கசப்பு மருந்து! மூஞ்சியைச் சுளிக்காம ஒரே மடக்கு. அப்புறம்தான் மறுபடி துரத்துறான்."

"துரத்துற நேரத்துலயா?"

"வேளை தவறக்கூடாதில்ல? வீரன்னா அப்படித்தான். அப்புறம் வில்லன் அவன் கண்ணுல மண்ணைத் தூவிடறான். கறுப்புக் குடைக்கும் ரெண்டு கண்ணுலயும் கட்டு! என்னை மாதிரியே! பாருங்க, என்ன ஒரு பொருத்தம்! ஆனா அவன் ஒரு தடவைகூடக் கட்டைச் சொறியலை. படுத்த இடத்துலயே காதால கேட்டு வில்லன் எங்க இருக்கான்னு சொல்லிடறான்."

"அப்போ பிடிக்கறது யாரு?"

"அங்கதாங்க திருப்பம். அவனோட அக்கா! இருபத்தாறு புத்தகத்துல ஒரு தடவைகூடத் தலைகாட்டாதவ, திடீர்னு வந்து, குடைப் பிடியால வில்லன் காலை வாரிவிட்டுடறா. எழுதினவர் பெரிய ஆளுங்க. யாராலயாவது ஊகிக்க முடியுமா?"

கடைக்காரர் புதுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் வெகுநேரம் துடைத்தார்.

"அந்த அக்கா பார்க்க எப்படி இருப்பாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? கட்டு போட்டிருந்தேனே. எங்க அக்காவுக்குச் சுருட்டை முடி. மனசுல அப்படியே நெனச்சுக்கிட்டேன்."

"சுருட்டை முடி. சரி. வில்லனுக்கு மீசை வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்கலாமாவா?"

"இருந்துச்சான்னு கேட்டேங்க. வாய் குளறிடுச்சு. எனக்குச் சனிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க."

சனிக்கிழமை கடைக்காரர் வீட்டுக்கே வந்தார். கையில் துணி சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால், கறுப்புக் குடை இருபத்தேழு! பழுப்பேறிய தாள், மங்கிய அட்டை, கூரை மேல் மீசைக்கார வில்லன், பின்னால் மருந்து பாட்டிலோடு கறுப்புக் குடை. கடைசிப் படத்தில் சுருட்டை முடி அக்கா.

"நான் கேட்ட கதை! ஒரு வார்த்தை மாறலை!" கண்ணாடிக்காரருக்குக் கண்ணீர் பொங்கிக் கண்ணாடி மங்கிவிட்டது. அதனால் மற்ற எதுவும் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. மனைவிக்குத் தெரிந்தது.

"ஏங்க, டீ வாசனை வருதே?"

"பழைய தாளோட வாசனைம்மா அது," என்றார் கடைக்காரர் அவசரமாக.

"உங்க கட்டைவிரல் கறுப்பாயிடுச்சு பாருங்க."

"அந்தக் காலத்து மை, அப்படித்தான் இருக்கும்," என்றார் கண்ணாடிக்காரர் பக்தியோடு. "எவ்வளவு குடுக்கணும்? கேளுங்க, வாய் திறந்து கேளுங்க."

"ஒண்ணும் வேணாங்க. கண்ணு குடுத்தவருக்கு நான் காட்டுற நன்றி. வரட்டுங்களா?" என்று கடைக்காரர் செருப்பை மாட்டினார்.

கண்ணாடிக்காரர் விடுவாரா? நாளை விருந்துக்கு வந்தே ஆக வேண்டும், அக்கா முன்னால் நிற்க வைத்து நன்றி சொல்லியே ஆக வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டார். கடைக்காரர் தலைவலி என்றார், கடையில் வேலை என்றார், தனக்கு விருந்தே ஒத்துக்கொள்ளாது என்றார். எதுவும் எடுபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக் கூடத்தில் சாப்பாடு முடிந்ததும் பெட்டியைக் கொண்டுவந்து அக்காவின் மடியில் வைத்தார். அக்காவின் சுருட்டை முடி நரைத்திருந்தாலும் சுருள் குறையவில்லை. ஒவ்வொரு இதழாக எடுத்துச் சிரித்துக்கொண்டே வந்தவள் இருபத்தேழுக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். முதல் பக்கத்தைப் படித்தாள். இரண்டாம் பக்கத்தைப் படித்தாள். பேயைப் பார்த்தவள்போல் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள்.

"டேய், இது ஏதுடா?"

"இதோ, இவர்தான் தேடிக் குடுத்தார்!" என்று கண்ணாடிக்காரர் திரும்பினால், கடைக்காரர் குடையை எடுத்துக்கொண்டு வாசற்படி வரை போயிருந்தார். பிடித்து இழுத்துவரப்பட்டார்.

அக்கா மெல்லப் பக்கங்களைப் புரட்டினாள். ஆட்களின் கைகால்கள் கொஞ்சம் முன்பின்னாக இருந்தன. ஆனால் தெருவிலிருந்த கடைப் பலகைகள் மட்டும் அற்புதமாக எழுதப்பட்டிருந்தன. கடைசிப் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"அந்தக் காலத்துலயே செல்போன் இருந்துச்சாடா?"

"அதெப்படிக்கா இருக்கும்?"

"'முற்றும்'னு போட்டு, கீழ 'சகலவிதமான போர்டுகளும் எழுதித் தரப்படும்'னு நம்பர் குடுத்திருக்கே."

கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பாவி! நம்பர் எழுதாதடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! மன்னிச்சுடுங்கம்மா. வரைஞ்சது என் மச்சான். போர்டு எழுதறவன். எதை எழுதினாலும் கீழ நம்பர் போட்டே கை பழகிப்போச்சு அவனுக்கு. கதை மட்டும் ஐயா சொன்னதுதாங்க."

கண்ணாடிக்காரரின் முகம் செத்துப்போயிற்று. "மன்னிச்சுடுக்கா. உனக்குப் போய் ஒரு போலியைக் குடுத்துட்டேன். எங்க இருந்தாலும் அசலைத் தேடிக் கொண்டுவந்துடறேன்."

"எங்கயும் இருக்காதுடா," என்றாள் அக்கா. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "இருபத்தாறோட அந்தப் புத்தகத்தையே நிறுத்திட்டாங்க. நீயோ இருபத்தேழு வந்தாத்தான் மருந்து குடிப்பேன்னு அடம். நான் என்ன செய்வேன்? சரித்திரப் பாடப் புத்தகத்தை மடியில வெச்சுக்கிட்டு, பக்கம் புரட்டுற சத்தம் மட்டும் குடுத்துக்கிட்டு, வாய்க்கு வந்ததை எல்லாம் அடிச்சுவிட்டேன்."

கண்ணாடிக்காரருக்கு மருந்து பாட்டில் ஞாபகம் வந்தது. சொறியாத கட்டு ஞாபகம் வந்தது. கடைசியில் வந்து காப்பாற்றும் அக்கா ஞாபகம் வந்தாள். அப்படியே அக்காவின் காலடியில் உட்கார்ந்து, "நீ இல்லைன்னா எனக்குக் கண்ணு ஏதுக்கா," என்று இத்தனை காலமாகச் சொல்ல வராததைச் சொல்லிவிட்டு, சின்னப் பையன்போல் விசும்பினார். அக்கா அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"இருந்தாலும் போலியைக் குடுத்துட்டேனே," என்று முனகினார் அவர்.

அதுவரை ஓரமாக நின்ற பழைய புத்தகக் கடைக்காரர் புதுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

"அசல்னு ஒண்ணு இருந்தாத்தானேங்க போலி? கதாசிரியர் கையிலயே இருக்குது பாருங்க. இது முதல் பதிப்புங்க!"