வண்டிக்கு வைத்த தகர மூக்கு

சேக்காடு, ஆவடி
18.8.1994

அன்பு மகள் ஞானசௌந்தரிக்கு அப்பா செபாஸ்டியன் எழுதிக்கொண்டது. ஆண்டவர் அருளால் இங்கே நானும் வண்டியும் சுகம். திருச்சியில் நீ, மாப்பிள்ளை, பிள்ளைகள் எல்லோரும் சுகமாய் இருக்க மன்றாடுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. டீசல் குடிக்கும் பிக்கப்பை விற்றுவிட்டு உங்களோடு வந்துவிடச் சொல்லியிருக்கிறாய். அவசரப்பட்டு ஆள் பார்க்க வேண்டாம். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது பதிமூன்று கொடுக்கிறது. இஞ்சினை நான் தொடவே இல்லை. கேபினைத் தாண்டி வரும் காற்று, பின்னால் திறந்து கிடக்கும் தொட்டியில் விழுந்து வண்டியைப் பிடித்து இழுக்கிறது என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவனுக்கு இது போதாதா? முதலில் தொட்டி மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். பூந்தமல்லி தாண்டுவதற்குள் காற்று புகுந்து அது உப்பிவிட்டது. சிக்னலில் ஒரு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா அண்ணாத்தே, வண்டி முழுகாம கீதா?" என்று கேட்டார். தார்ப்பாயை அவிழ்த்துவிட்டு அம்மாவின் பீரோக் கதவு இரண்டையும் கழற்றி மூடியாகப் போட்டேன். கோபப்படாதே, புடவைகள் பத்திரமாக இருக்கின்றன, போர்வை போட்டு மூடியிருக்கிறேன். பிறகு கேபின் மேல் சரிவாக ஒரு தகர மூக்கு வைத்தேன். நாற்பதைத் தாண்டினால் அது விசில் அடிக்கும். ரயில்வே கேட் பக்கம் போனபோது கேட்கீப்பர் கொடியோடு வெளியே ஓடி வந்து, தண்டவாளத்தை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அப்புறம் என்னைப் பார்த்தார் பாரு, அந்தப் பார்வையை எழுத முடியாது.

சோதனை தினமும் சாயங்காலம். குத்தம்பாக்கம் வரை போய்த் திரும்புவது. சுமை ஒன்றும் கிடையாது, வாடகைக்கு யாரும் கூப்பிட்டு மூன்று மாதம் ஆகிறது, அது வேறு விஷயம். நாலு மணி, அம்மா காப்பி போடும் நேரம். அவள் தவறி ஒரு வருஷம் ஆகியும் அந்த நேரத்தில் வீட்டில் உட்கார முடியவில்லை.

மீட்டரைக் குறிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. எதிர்வீட்டு ஜானகிராமனைக் கூப்பிட்டேன். அவரும் ரிட்டயர் ஆனவர், மனைவி இல்லை, பிள்ளை டெல்லியில். பத்து வருஷம் எதிரெதிரே இருந்தும் தண்ணீர் வந்ததா என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. இப்போது நேரத்துக்கு முன்பே நோட்டும் பேனாவுமாக வாசலில் நிற்கிறார். வழியில் அதிகம் பேசமாட்டார். ஒருநாள் டீ குடிக்கும்போது மட்டும், "ராத்திரி ரேடியோவ அணைக்காமலே தூங்கறேன் சார். யாராவது பேசிட்டே இருக்கட்டும்னு" என்றார். நானும் அப்படித்தான்.

ஆகையால் பதிமூன்று கொடுக்கும் வண்டியை விற்பது நியாயமில்லை என்று மாப்பிள்ளையிடம் எடுத்துச் சொல். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். பிள்ளைகள் நெற்றியில் எனக்காகச் சிலுவை போட்டுவிடு. மாதா உங்களைக் கைவிடாமல் காப்பாளாக.

உன் அப்பா,
செபாஸ்டியன்

பி.கு.: உறையை ஒட்டும்போது கள்ளிக்குப்பம் மெக்கானிக் வேம்புலி வந்தான். மூக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கோச்சுக்காத நைனா. நீ தகரம் கட்றதுக்கு முந்தி, மீட்டர் ரிப்பேருன்னு வேற வண்டி மீட்டர மாட்டிவுட்டேன்ல? அது பத்து போனா பதிமூணு காட்டும்" என்றான். உடனே போய் ஜானகிராமனிடம் சொன்னேன். "தெரியும் சார். மொத வாரமே மைல்கல்ல எண்ணிப் பார்த்துட்டேன்" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "சொல்லியிருந்தா சாயங்காலம் எங்க போறது?" என்றார். கிளம்பிவிட்டோம், கடிதத்தைப் போகிற வழியில் பெட்டியில் போடுகிறேன்.