எல்கே அம்மையாரின் வயிறு காத்த சருக்கம்

குற்றாலநாதர் திருவடி முதலில். இலஞ்சிக் குமாரன் திருவடி அடுத்து. இவ்விருவர் துணையோடு நாம் சொல்லப் புகுவது, கேஸ் அடுப்பே வேள்விக்களமாக, எவர்சில்வர் குண்டானே போர்முரசாக, வெந்நீர்ப் பிளாஸ்க்கே கைவாளாகக் கொண்டு நின்ற வீராங்கனை, இருபத்திரண்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கொதிக்கவைத்த தண்ணீரன்றி வேறு கொடாதவள், ‘கொதிநீர்க் கொற்றவை’ என்ற பட்டத்துக்குத் தகுதியிருந்தும் வெறும் ‘டீச்சர்’ என்றே அழைக்கப்பட்டவள், இலஞ்சி அங்கன்வாடி ஆவுடைத்தாய் நடத்திய மூன்று நாள் பெரும்போரை. வாழ்க அவள் பிளாஸ்க்! வாழ்க அதன் மூடி!

போர் மூண்ட காரணம் இது. ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் மகள் சத்யபிரியா, போன பனிக்காலத்தில் காய்ச்சலில் விழுந்தபோது, கீழ்வீட்டு எல்கே அம்மையார் எட்டு நாளும் படியேறி வந்து சூப் ஊட்டினார். அந்த எல்கே இப்போது சாரல் பார்க்க இலஞ்சிக்கு எழுந்தருளியிருந்தார். முன்பு வேறொரு நாட்டுக்குப் போன இடத்தில் கண்ட தண்ணீரைக் குடித்து, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்.

“எம்மா, அவிய வயிறு ஒன் பொறுப்பு. கொதிக்க வச்ச தண்ணியத் தவிர ஒண்ணையும் வாயில வைக்க விட்டுராத,” என்று மகள் செல்போனில் முழங்கினாள்.

“எம் புள்ளைக்குச் சூப்பு ஊட்டுன கைல்லா அது! கெட்ட தண்ணி ஒரு சொட்டு அவிய தொண்டையில எறங்காது,” என்று ஆவுடைத்தாய் சூளுரைத்தாள். மலை கேட்டது, வயல் கேட்டது, மதிலில் இருந்த காகமும் கேட்டது.

அன்றுமுதல் அம்மையார் பல் துலக்குவதும் கொதித்தாறிய நீரிலேயே. ஐஸ்கட்டி அவ்வீட்டு எல்லையைவிட்டே நாடு கடத்தப்பட்டது. ஆனால், வீட்டுக்கு வெளியேயன்றோ பகைவர் படை! அதிலும் அன்பே ஆயுதமான படை.

முதல்நாள் பக்கத்து வீட்டு ஆனந்தவள்ளி, ஐஸ் மிதக்கும் நன்னாரி சர்பத்தோடு வாசலில் எதிர்ப்பட்டாள். எல்கே கைகூப்பி மறுக்க, ஆனந்தவள்ளியின் முகம் ஆடிமேகமாய்க் கறுத்தது.

“என்ன மதினி, எங்க வீட்டுத் தண்ணி வெள்ளக்காரிக்கு ஆவாதோ?”

வந்த விருந்தினர் வாய் நனைக்காமல் போனால் அந்த வீட்டுக்காரியின் மனம் என்ன பாடுபடும் என்பதை ஆவுடைத்தாய் அறிவாள். வயிற்றையும் காக்க வேண்டும். மனத்தையும் நோகடிக்கக் கூடாது.

“அவியளுக்கு வயிறு ஒத்துக்காதுட்டி. இங்கன கொண்டா, அவியளுக்கும் சேத்து நான் குடிக்கேன்.”

தன் தம்ளரையும் விருந்தாளியின் தம்ளரையும், தனக்கு வந்த அம்பையும் தோழிக்கு வந்த அம்பையும் ஒரே மார்பில் தாங்கும் மறத்தியைப்போல் ஏற்றாள். மறுநாள் எதிர்வீட்டு முத்துச்செல்வி நீட்டிய மோரும் அவ்வாறே இரண்டிரண்டாய் அவளுள் இறங்கிற்று.

மூன்றாம் நாள் குற்றாலப் பேரருவி. ஆயிரம் யானைகள் மதிலிடித்து வருவதொக்கும் அப்புனல் பெண்கள் பக்கத்தில் பொங்கிப் பாய, எல்கே அம்மையார் பரவசத்தோடு அதனடியில் புகுந்தார். ஐயகோ, பரவசம் வாயைத் திறக்கும் குணமுடையதன்றோ!

“வாய மூடுங்க! வாய மூடுங்க!” என்று ஆவுடைத்தாய் பாய்ந்து, சொன்னது புரியுமாறு தன் வாயைப் பொத்திக் காட்டினாள்.

“யாரைட்டி ஏசுதா இந்த அக்கா?” என்றாள் அருகில் குளித்த ஒருத்தி.

அம்மையார் உதடுகளைக் கோட்டைக் கதவென இறுக மூடிக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு ‘மூடுங்க’வுக்கும் திறந்த ஆவுடைத்தாயின் வாயில் அருவி தடையின்றிப் புகுந்தது.

நாலாம் நாள் விடிந்தது. எல்கேயின் வயிறு அம்மிக்கல்லாய் அசையாதிருந்தது. வீழ்ந்தவள் ஆவுடைத்தாய். சர்பத்தோ, மோரோ, அருவியோ, யாரறிவார்! ஒன்பது மணிக்குள் ஆறுமுறை புறக்கடை சென்று மீண்டவள், பாயில் சுருண்டு, இனி அம்மையார் வயிற்றை யார் காப்பார், மகளுக்கு என்ன பதில் சொல்வேனென்று கலங்கினாள்.

அப்போது எல்கே எழுந்தார். அடுக்களைக் கதவில் ஆவுடைத்தாயே ஒட்டியிருந்த, வயிற்றுப்போக்குக்கு மருந்து சொல்லும் அங்கன்வாடிப் படத்தைப் பார்த்தார்: ஒரு லிட்டர் கொதித்தாறிய நீர், ஆறு சிறு கரண்டிச் சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. தமக்கென்று காத்துவைக்கப்பட்ட நீரையே அளந்து கலக்கினார். சத்யபிரியாவிடம் போனில் ஒரு தமிழ்ச்சொல் கேட்டுக்கொண்டார். பாயருகே மண்டியிட்டு, தம்ளரை இரு கைகளாலும் நீட்டினார்.

“வாய... தொறங்க.”

கடவுள் ஒரு நன்மையைக் கடல்தாண்டி அனுப்பினாலும் அதற்குத் திரும்பிவர வழி தெரியும் என்று எண்ணி ஆவுடைத்தாய் கண் கலங்கினாள். வானவர் பூமாரி பொழியக் கூடை தூக்கினர். இலஞ்சியின் தென்னைகளெல்லாம் சாமரமாய் அசைந்தன.

உப்பு கொஞ்சம் கூடிப்போயிருந்தது.