முப்பத்தேழு பிழையும் ஒரு பரணும்

இந்த ஞாயிற்றுக்கிழமை பரண் மேல் ஏறுவதில்லை என்று சபதம் எடுத்தேன். கடவுளே வந்து ஏணியைப் பிடித்தாலும் சரி, ஏறுவதில்லை.

ஆறு மாதமாக ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு கோழி கூரைக்குக் கூரை தாவும், அவ்வளவுதான். அதற்கே ஆயிரத்து நானூறு வரி புரோகிராம். அன்று மாலை ஐந்து மணிக்குள் போட்டிக்கு அனுப்ப வேண்டும். வேலை முந்தின நாளே முடிந்துவிட்டது. அதை மனைவியிடம் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

நடுவில் எங்கோ ஒரே ஒரு மூடும் அடைப்புக்குறியை அழித்தேன். பழக்க தோஷத்தில் சேமித்து, மூடி, மறுபடி திறந்து ஓட்டினேன். திரை முழுக்கச் சிவப்பு. முப்பத்தேழு பிழை! கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

"ஏங்க, அந்தப் பரண்..."

"முப்பத்தேழு பிழைம்மா! உயிர் போற அவசரம்!"

"அடப் பாவமே. பாருங்க, பாருங்க."

போய்விட்டாள். நானும் நிம்மதியாகப் பேப்பர் படித்தேன்.

இரண்டு மணிக்கு அடைப்புக்குறியைத் திருப்பிப் போட உட்கார்ந்தேன். எங்கே எடுத்தேன்? சுத்தமாக மறந்துவிட்டது. கம்ப்யூட்டரோ கடைசி வரியைக் காட்டியது. இதுக்கு எப்பவும் இதே புத்தி, தப்பு ஓரிடம், பழி ஓரிடம். குத்துமதிப்பாக ஓரிடத்தில் போட்டேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இப்ப எத்தனை?"

"அம்பத்திரண்டு."

"காலையில முப்பத்தேழுதானே? திருத்தத் திருத்த வளருதா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஆறு மாச உழைப்பும்மா. அஞ்சு மணிக்குப் போகலேன்னா எல்லாம் வீண்."

"நான் கண்டுபிடிச்சுத் தரேன். நீங்க பரணைக் காலி பண்ணிட்டு வாங்க."

"உனக்குப் புரோகிராம் தெரியுமா?"

"அடைப்புக்குறி தெரியும்."

அவள் கணக்கு டீச்சர். அடைப்புக்குறியை விட்டால் அரை மார்க் கழிக்கிற ரகம். வேறு வழியில்லை, ஏறினேன். உடைந்த மின்விசிறி, மூன்று கால் நாற்காலி, மூடி இல்லாத பதினோரு டப்பா. நாலே முக்காலுக்குத் தலை முதல் கால் வரை தூசியாக இறங்கினேன்.

"இப்ப போட்டதை எடுத்துடுங்க. அறுநூத்திப் பன்னிரண்டாவது வரியில போடுங்க," என்றாள், திரையைப் பார்க்காமலே.

போட்டேன். ஒரு பிழை கூட இல்லை! கோழி தாவியது. கோழியை விட உயரமாக நான் தாவினேன். ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது அனுப்பிவிட்டேன்.

"மேதைம்மா நீ! எப்படிக் கண்டுபிடிச்சே?"

"எங்க கண்டுபிடிச்சேன்? நீங்க அழிக்கறப்ப பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன்."

பத்து நாளில் பதில் வந்தது. என் கோழி இரண்டாவது சுற்றுக்குத் தேர்வாகிவிட்டது! ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்கூடக் கலங்கியது.

"எனக்குத் தெரியுங்க, உங்க கோழி ஜெயிக்கும்," என்றாள். "ரெண்டாவது சுற்று என்னிக்குன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்."