செர்ரிச் சிவப்புக் கிட்டார்

சிவப்புப் பெயிண்ட் ஒரு சொட்டு வழிந்து, கிட்டாரின் வயிற்றில் கோவைப்பழம் மாதிரித் தொங்கியது. குறை அது ஒன்றுதான். துடைத்துவிடலாம் என்று வேல்சாமிக்குத் தோன்றிய நிமிஷத்தில் ராஜபாளையத்துக்குக் கெட்ட காலம் ஆரம்பித்தது.

வேல்சாமி நூற்பாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஸ்பானரைத் தூக்கினால் செத்த மெஷினும் பயந்து எழுந்து ஓடும். பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரே மகள் ஜெயசித்ரா அவருக்கு ஒரு பெட்டி அனுப்பியிருந்தாள். உள்ளே எலக்ட்ரிக் கிட்டார், துண்டு துண்டாக: கட்டை, கழுத்து, கம்பி, ஒயர், கை நிறைய ஸ்குரூ.

"நீங்களே மாட்டி, செர்ரிச் சிவப்புல பெயிண்ட் அடிச்சு வைங்கப்பா. முடிச்சதும் நானே வந்து வாங்கிக்கிறேன்."

கடைசி வாக்கியத்தில்தான் மனிதர் விழுந்தார். மகள் ஊருக்கு வந்து இரண்டு தீபாவளி ஆயிற்று. காலையில் "சாப்பிட்டியா?" என்று தொடங்கி ராத்திரி "கதவப் பூட்டியாச்சா?" என்பது வரை ஒரு நாளைக்கு நாற்பது போன் போட்டுக்கொண்டிருந்தவர், பெட்டி வந்த பிறகு போனைத் தொடவே இல்லை. கிட்டார் முடிந்தால் பிள்ளை வீட்டுக்கு வரும். வேறென்ன வேண்டும்?

துடைக்க அவர் எடுத்தது பேண்டேஜ் துணி. சுற்றுவட்டாரத்தில் தறி தறியாக நெய்வது. அவர் வீட்டில் கரித்துணிகூட அதுதான். ஒரே இழுப்பு. துணி கையோடு வந்தது; நூலெல்லாம் பெயிண்டிலேயே குடியேறிவிட்டது.

மனைவி கனகலட்சுமி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, ஆக்ஸிடென்ட் கேசு மாதிரிக் கெடக்கு? கட்டுப் பிரிச்சாச்சா, இனிமத்தானா?"

"சும்மா இரி ஏட்டி. தின்னர் ஊத்துனாப் போயிரும்."

நூல் போகவில்லை. பெயிண்ட்தான் போயிற்று, அதுவும் திட்டுத் திட்டாக.

வேறு ஊர்க்காரன் என்றால் உப்புத்தாள் வாங்கித் தேய்த்திருப்பான். இவர் மில்காரர். மில்லில் நூலில் பிசிறு நின்றால் நெருப்புக்குள் ஓடவிட்டுப் பொசுக்குவார்கள். நூல் பட்டாக வெளியே வரும்.

"முப்பது வருசம் பாத்த வேல" என்று தீக்குச்சியைக் கிழித்தார்.

மில் நூல் தின்னரில் குளித்துவிட்டு வருவதில்லை என்பது அவருக்கு அப்போது நினைவில்லை. எழுந்த தீயைக் கண்டிருந்தால் மலையடிவாரச் செண்பகத்தோப்பிலிருந்து வனத்துறை ஜீப்பே வந்திருக்கும். கனகலட்சுமி ஒரு குடம் தண்ணீரைப் பாதி கிட்டார் மேலும் பாதி புருஷன் மேலும் கொட்டினாள். கிட்டாரில் ஒரு மூலை கரி. வேல்சாமிக்கு இடப்பக்க மீசை காலி.

சாயங்காலம் ஜெயசித்ராவே கூப்பிட்டாள். "எப்படிப்பா போகுது?"

"செத்த வேல பாக்கி இருக்கும்மா."

"அவசரமே இல்லப்பா. நிதானமாப் பண்ணுங்க."

குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"பாத்தியாட்டி, எம்புட்டுப் பாசம்!" என்று வேல்சாமி மீசையைத் தடவினார். இருந்த பக்கத்தை.

மறுநாள் கிட்டாரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்தார். அவர் முகம் இருந்த லட்சணத்தைப் பார்த்துப் பக்கத்து சீட்டு அம்மாள், "பிள்ளைக்கு என்ன சீக்கு?" என்று கேட்டுப் போர்வைக்கே திருநீறு பூசிவிட்டாள்.

அங்கே லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் இசக்கிமுத்து, கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கரி தெரியக்கூடாது, அம்புட்டுத்தான?"

"அம்புட்டுத்தான். செர்ரிச் சிவப்பு."

"விட்டுட்டுப் போங்க அண்ணாச்சி. அசத்திருதேன்."

அசத்திவிட்டான். சிவப்பாகத்தான் இருந்தது. கூடவே இரண்டு தாமரை, ஒரு புலி, கரிந்த மூலையில் நாக்கைத் தொங்கப்போட்ட பூதம். முதுகில் கொட்டை எழுத்தில் "ஒலி எழுப்பவும்".

"ஏலே, பூதம் எவம்லே கேட்டான்?"

"கரிய மறைக்கச் சொன்னீக. கரிக்கு மேல கிளியா வரைவாக?"

அழித்து அடிக்கப் பொறுமை இல்லை. மகள் வர வேண்டும். வீட்டுக்கு வந்து கழுத்தை மாட்டி, மில் மோட்டாருக்குக் கொடுப்பதுபோல ஒயரைக் கொடுத்து, வாடகை மைக்செட்டில் சொருகிக் கம்பியைத் தட்டினார். மில்லின் ஷிப்ட் சங்கு மாதிரி ஓர் ஊளை கிளம்பிற்று. ஊரின் நாய்கள் அத்தனையும் பதில் சொல்லின. எதிர்வீட்டுக்காரர் தூக்குச்சட்டியோடு வேலைக்கே கிளம்பிவிட்டார்.

"ஓடுதுட்டி!" வேல்சாமியின் கண்ணில் தண்ணீர். போட்டோ எடுத்து அனுப்பினார். பொறுக்க முடியாமல் போனும் போட்டார்.

ஜெயசித்ரா போட்டோவைப் பார்த்துவிட்டிருந்தாள்.

"அதுக்குள்ளயா முடிச்சிட்டீங்க?"

"முடிச்சிட்டேன்ல! எப்பம்மா வார?"

"ஞாயித்துக்கிழமை... வீட்டுலயே இருங்கப்பா."

ஞாயிற்றுக்கிழமை கனகலட்சுமி பால்கோவாவும் கறிக்குழம்புமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேல்சாமி மிச்ச மீசையையும் எடுத்து முகத்தைச் சமப்படுத்தியிருந்தார். நாற்காலியில் மாலை போட்ட கிட்டார் உட்கார்ந்திருந்தது.

மணி அடித்தது. கிட்டாரை மாலையோடு தூக்கிக்கொண்டு ஓடினார்.

வாசலில் கூரியர்க்காரர் மாரிச்சாமி. அவர் பக்கத்தில், இறக்க இரண்டு ஆள் வேண்டிய பெட்டி. மேலே பியானோ படம், உள்ளே ஸ்குரூ குலுங்கும் சத்தம்.

வேல்சாமி அவரைத் தாண்டித் தெருக்கோடி வரை பார்த்தார். "எம் மக எங்க?"

மாரிச்சாமி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அவுகதான் விடிஞ்சதுல இருந்து எனக்குப் போன் மேல போனு. 'அண்ணே, எங்கப்பா மறுபடி எனக்குப் போன் போட ஆரம்பிக்கிறதுக்குள்ள இதக் கொண்டுபோயி எறக்கிருங்க'ன்னு."