முன்னூறு சில்லுகளும் ஒரு பேஸ்மென்டும்

இனிமேல் போக்கர் சீட்டாட்டம் எங்கள் வீட்டு பேஸ்மென்டில்தான் என்று டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு முடிவு எடுத்தேன். மனைவியைக் கேட்காமல் எடுத்த முடிவு. கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. எடுத்த பதற்றத்தில் நேராக அடுக்களைக்குப் போய் அவளிடமே சொல்லிவிட்டேன்.

"மார்லிஸ், நான் ஒரு முடிவு எடுத்திருக்கேன்."

"உக்காரு. தண்ணி குடி. யாரு எடுக்கச் சொன்னா?"

மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம், எங்கள் ஊர் ஷெபாய்கனில் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஆடுவது இருபது வருடப் பழக்கம். எப்போதும் ரஸ் வீட்டில். இந்த வருடம் பனி அள்ளி அள்ளி ரஸ்ஸின் முதுகு போய்விட்டது. முதுகைத் தூக்கிக்கொண்டு அரிசோனா போய்விட்டான். காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் சில்லுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஆட்டம் அநாதையானது.

அதைத் தத்தெடுக்க இரண்டு பேர் போட்டி. ஒன்று நான். இன்னொன்று எதிர்வீட்டு டுவேன். அவனிடம் ஹீட்டர் வைத்த கார் ஷெட் இருந்தது. ஜனவரியில் அவன் வீட்டில் ஒரு ஆட்டம், பிப்ரவரியில் என் வீட்டில் ஒரு ஆட்டம், பிறகு எங்கே நிரந்தரமாக என்று முடிவு செய்வது என்று பேச்சு.

இதில் ஒரு சிக்கல். எங்கள் பேஸ்மென்டின்மேல் மார்லிஸுக்கும் ஒரு கண். துண்டுத் துணிகளை ஒட்டிப் போர்வை தைப்பவள் அவள். அதற்கென்றே உள்ள ஒரு பெரிய மிஷினை வாங்க வேண்டும் என்பது அவள் ஆசை. துணி விரிக்கும் சட்டத்தோடு சேர்த்துப் பன்னிரண்டு அடி நீளம். எங்கள் வரவேற்பறை பதினோரு அடி. எங்கள் இல்லறத்தில் உள்ள மொத்தப் பிரச்சினையும் அந்த ஒரு அடிதான்.

"சரி," என்றாள், உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தாமல். "ஆட்டம் இங்க வந்துதுன்னா பேஸ்மென்ட் ஆயுசுக்கும் உனக்கு. வரலைன்னா என் மிஷினுக்கு. சம்மதமா?"

"சம்மதம். ஆனா நல்ல சில்லு வேணுமே. முன்னூறு சில்லு."

"எண்பது டாலர் தரேன்."

"எண்பதே போதும்! அதுக்கு மேல ஒரு சதம் கேட்டா என் பேரு வெர்ன் இல்ல."

"இதையும் எழுதிடு," என்றாள். எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தவளை நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தேகப்படும் உறுப்பு எனக்குப் பிறவியிலேயே இல்லை.

என் தொழிலை இங்கே சொல்லியாக வேண்டும். நான் சீஸ் தரம் பார்ப்பவன். அரசாங்க லைசென்ஸ் உண்டு. ஒரு பெரிய சீஸ் வட்டை விரலால் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே எங்கே ஓட்டை என்று சொல்லிவிடுவேன். துளைபோட்டு மாதிரி எடுத்து, மோந்து, கசக்கி, கடித்து, துப்பி, நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுவேன். மாதிரி பார்க்காமல் நான் செய்தது கல்யாணம் ஒன்றைத்தான்.

எனவே சில்லு விற்பவன் ஒருவன் இரண்டு மூன்று நிறச் சில்லு போட்டு மாதிரிப் பொட்டலம் அனுப்புகிறான், நாலே டாலர், என்று பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. இருந்தாலும் ஒரு தயக்கம். அவளிடமே கேட்டேன்.

"மார்லிஸ், நேரா வாங்கிடவா, இல்ல மாதிரி பாக்கவா?"

"என்ன கேள்வி இது? லைசென்ஸ் வச்சிருக்கிற மனுஷன் மாதிரி பாக்காம வாங்கலாமா? நாலு பேரு சிரிக்க மாட்டாங்க?"

பதினெட்டு வருடத்தில் அவள் என் தொழிலை மதித்துப் பேசியது அன்றுதான். அன்று மாலையே மாதிரிக்கு எழுதிப்போட்டேன்.

முதலில் வந்தது பிளாஸ்டிக். முன்னூறும் பதினெட்டு டாலருக்குக் கிடைக்கும். தட்டினேன். காய்ந்த மக்ரோனி சத்தம். மோந்தேன். புது ஷவர் திரை வாசனை. நோட்டில் எழுதினேன்: நூற்றுக்குப் பதினொன்று.

இரண்டாவது கனமான ஜாதி. பெட்டியில் 'களிமண்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கையில் எடுத்தால் நல்ல பாரம். சீஸ் துளைக்கும் குழாயை எடுத்து நடுவில் ஒரு குத்துக் குத்தினேன். குழாய் வளைந்துவிட்டது. உள்ளே இரும்பு வட்டு! களிமண் என்று சொல்லி இரும்பை விற்கிறார்கள். சீஸ் உலகத்தில் இப்படிச் செய்தால் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள். நாற்பத்துமூன்று.

"இது அறுபத்தஞ்சு டாலருக்கு முழு செட்டும் வருது," என்றேன் மார்லிஸிடம். "இரும்புதான். ஆனா சுமாரா இருக்கு. வாங்கிடலாம்னு பாக்கறேன்."

அவள் அடுப்பில் சுட்ட ஆப்பிள் பை ஒரு துண்டு வெட்டி என் முன்னால் வைத்தாள். மேலே ஒரு பாளம் செடார் சீஸ்.

"நாப்பத்துமூணு மார்க் வாங்கின சீஸ நீ வீட்டுக்குக் கொண்டு வருவியா?"

"பன்னிக்குக் கூடப் போட மாட்டேன்."

"அப்ப சில்ல மட்டும் ஏன் அவசரப்பட்டு வாங்கற? இன்னும் ஒரு மாதிரி பாரு. பிப்ரவரிக்கு நாள் இருக்கு."

பார்த்தேன். அசல் களிமண் வந்தது. ஆஹா! விரலுக்கு இடையில் வெதுவெதுப்பாக உட்கார்ந்தது. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் வழுக்கவில்லை. இரண்டை உரசினால் பக்கத்து அறையில் யாரோ மெதுவாகக் கதவு சாத்துவது போல ஒரு சத்தம். தொண்ணூற்றெட்டு போட்டேன். விலை ஒன்று ஒன்றரை டாலர். முன்னூறு வாங்கினால் பேஸ்மென்ட் இருக்கும், வீடு இருக்காது.

அதற்குப் பிறகு எனக்குப் பிசாசு பிடித்தது. சாப்பாட்டு மேசையில் கிளிக். குளியலறையில் கிளிக். சர்ச்சில் பாதிரியார் கண்ணை மூடச் சொன்னபோது கிளிக். தபால்காரர் இரண்டு நாளைக்கு ஒரு சின்ன உறை கொண்டு வந்தார். மெழுகு பூசிய ஜாதி, அரிசி மணி போல் சொரசொரப்பான ஜாதி, மரம். ஒவ்வொரு தடவையும் நான் "இது போதும்" என்பேன். ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு பை வரும். கூடவே "ஒன்ன மட்டும் பாத்து முடிவு பண்ணிடாத, வெர்ன்" என்று ஒரு அறிவுரை வரும்.

நடுவில் ஜனவரி ஆட்டம் டுவேன் வீட்டில் நடந்தது. அவன் வாங்கி வைத்திருந்தது பிளாஸ்டிக். கிளெம் ஒரு தும்மல் போட்டார். எங்களில் மூத்தவர் கிளெம். தெருப் பனியைத் தள்ளும் வண்டி ஓட்டி ரிட்டயரானவர். தும்மலும் அந்த வண்டிதான். மேசையில் இருந்த சில்லு பாதி பறந்துபோய், சிப்ஸுக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்த வெங்காய டிப்பில் விழுந்தது. யார் எவ்வளவு வைத்தார்கள் என்பது டிப்புக்கே வெளிச்சம்.

வீட்டுக்கு ஆடிக்கொண்டே வந்தேன். "மார்லிஸ், டுவேன் முடிஞ்சான்! பேஸ்மென்ட் என்னுது!"

"ரொம்ப சந்தோஷம். உன் நோட்ட அந்த ஷெல்ஃப்ல வச்சிரு. பத்திரமா இருக்கட்டும்."

ஜனவரிக் கடைசியில்தான் அந்த உறை வந்தது. உள்ளே ஒரே ஒரு பீங்கான் சில்லு. முதல் தரம். சீரான விளிம்பு, சரியான கனம், தட்டினால் கோப்பையைத் தட்டில் வைக்கும் சத்தம். நடுவில் ஒரு பெண்ணும் பையனும் பல் தெரியச் சிரிக்கும் படம். சுற்றி 'கெய்லாவும் பிராண்டனும் என்றென்றும்' என்று எழுத்து. கல்யாண விருந்துக்கென்று அச்சடித்தது. கல்யாணம் நின்றுவிட்டது. முன்னூறு சில்லும் எழுபத்திரண்டு டாலருக்குக் கிடைக்கும், ஒரே ஒரு பெட்டிதான் இருக்கிறது என்று கடைக்காரன் எழுதியிருந்தான்.

தொண்ணூற்றாறு என்று எழுதினேன். கீழே இரண்டு கோடு போட்டேன். "இதுதான்!" என்று கத்தினேன். பிறகு பணம் வைத்திருந்த காபி டப்பாவைத் திறந்தேன்.

உள்ளே நாலு டாலர் இருந்தது. மீதியெல்லாம் மாதிரிக்குப் போயிருந்தது.

"மார்லிஸ்..." என்று இழுத்தேன்.

அவள் ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். என் கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

"வேற பேரு எதாவது வச்சுக்கறியா?" என்று கேட்டாள். "கேக்கறதுன்னா கேளு."

கேட்கவில்லை. மானம் என்று ஒன்று இருக்கிறதே. நான் வேறு திட்டம் போட்டேன். என்னிடம் நாற்பத்தாறு மாதிரிகள் இருந்தன. நாற்பத்தாறும் வேறு வேறு. இந்த மாநிலத்தில் எந்த வீட்டில் இருக்கிறது இப்படி ஒரு மேசை? சீஸ் பலகையில் கறுப்புத் துணி விரித்து வரிசையாக அடுக்கினேன். வந்தவர்கள் வாய் பிளந்து நிற்பார்கள், ஆட்டம் எனக்கே என்று கணக்குப் போட்டேன்.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை. மதியம் பன்னிரண்டு. கிளெம், டுவேன், லாயிட், ஆர்வில் நான்கு பேரும் பூட்ஸ் பனியைத் தட்டிவிட்டுக் கீழே இறங்கி வந்தார்கள். மார்லிஸ் பிராட் சாஸேஜும் சூடான முட்டைக்கோஸும் கொண்டுவந்து வைத்தாள். நான் துணியை விலக்கினேன். வாய் பிளந்தார்கள். அதுவரை திட்டம் சரியாகவே போயிற்று.

சீட்டு போட்டோம்.

"இந்த ஊதா எவ்ளோ?" என்றான் லாயிட்.

"அது மெழுகு ஜாதி. எழுபத்தொண்ணு."

"எழுபத்தோரு டாலரா?"

"இல்லப்பா, மார்க்கு."

"ஆடறதுக்கு எவ்ளோன்னு கேக்கறேன்."

"இரு, நோட்டப் பாத்து சொல்றேன்."

"நான் இந்த மரத்த வைக்கிறேன்," என்றான் ஆர்வில்.

"அத வைக்காத! ஓரம் தேஞ்சிடும். அது ஒண்ணுதான் இருக்கு."

"டேய் வெர்ன்," என்றார் கிளெம், "நான் போக்கர் ஆட வந்தேனா, மியூசியம் பாக்க வந்தேனா? ஒம்பது சில்லு குடுத்திருக்க. அதுல ஒண்ணுல ஓட்டை இருக்கு."

"அது நான் குத்திப் பாத்தது."

ஒரு சுற்று முடிய நாற்பது நிமிடம் ஆயிற்று. அப்போது டுவேன் மெல்லத் தொண்டையைச் செருமினான். "என் வண்டில ஒரு பெட்டி இருக்கு. சும்மா எடுத்துட்டு வரட்டுமா?"

எடுத்துவந்தான். திறந்தான்.

கெய்லா சிரித்தாள். முன்னூறு கெய்லாவும் சிரித்தார்கள். பக்கத்திலேயே முன்னூறு பிராண்டன்.

"எப்படிடா?" என்றேன்.

"உன் வீட்டுக்காரி பெரிய மனசுக்காரிப்பா. பைபிள் மாதிரி உன் நோட்ட முழுசாப் படிச்சுக் காட்டினா. 'எங்காளு அலசி ஆராஞ்சு கண்டுபிடிச்சது இது, அவரால வாங்க முடியல, நீங்களாவது வாங்குங்க'ன்னு சொன்னா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

ஐந்து பேரில் நானும் டுவேனும் போட்டியாளர்கள். மீதி மூன்று பேர் சொல்ல வேண்டும். லாயிட் இங்கேதான் என்றான், சாஸேஜுக்காக. ஆர்வில் டுவேன் வீடு என்றான். கிளெம் தாடையைச் சொறிந்தார்.

"சாப்பாடு இங்க நல்லா இருக்கு. ஹீட்டர் அங்க நல்லா இருக்கு. அப்ப சில்லுதான் தீர்ப்பு. வெர்ன், இங்க நீ ஒருத்தன்தான் லைசென்ஸ் வச்சிருக்கிறவன். டுவேனோட சில்லத் தட்டிப் பாத்து மார்க்கு சொல்லு. தொண்ணூறுக்கு மேல இருந்தா அங்க, இல்லைன்னா இங்க."

சில்லு என் உள்ளங்கையில் இருந்தது. என் பேஸ்மென்டும் அதே உள்ளங்கையில்தான் இருந்தது. எண்பத்தொன்பது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆயுசுக்கும் என்னுடையது. ஆனால் இருபத்தாறு வருடமாக ஒரு சீஸைப் பற்றிக்கூட நான் பொய் சொன்னதில்லை. விரல் தானாகத் தட்டியது. கோப்பையைத் தட்டில் வைக்கும் அதே சத்தம்.

"தொண்ணூத்தாறு," என்றது என் வாய்.

படியில் மார்லிஸ் நின்றிருந்தாள். எப்போதிலிருந்து என்று தெரியாது.

"அடடா, டுவேன் வீட்டுக்கா போகுது ஆட்டம்? மனசுக்குக் கஷ்டமா இருக்கு," என்றாள். முகத்தில் கஷ்டம் தேடினேன், கிடைக்கவில்லை. "கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு சின்ன உதவி. வாசல்ல லாரி நிக்குது. டிரைவர் வாசல் வரைக்கும்தான் இறக்குவானாம். அஞ்சு ஆம்பளைங்க இருந்தா கீழ கொண்டு வந்துடலாம்னு கடைக்காரன் சொன்னான். நீங்க சரியா அஞ்சு பேரு இருக்கீங்க."

நான்கு பெட்டி. சட்டம் மட்டும் பன்னிரண்டு அடி. படியில் திரும்பும்போது பெட்டியில் ஒட்டியிருந்த ரசீது என் மூக்குக்கு நேராக வந்தது. ஆர்டர் கொடுத்த தேதியைப் படித்தேன். டிசம்பர் ஒன்பது. என் முதல் மாதிரிக்கு நான் எழுதிப்போட்ட அதே நாள்.

"ஆட்டம் இங்க வராதுன்னு ஒன்பதாம் தேதியே எப்படித் தெரியும் உனக்கு?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டேன்.

"மாதிரி பாக்கவான்னு நீ வந்து கேட்டியே, அப்பவே தெரியும். இடப்பக்கம் தூக்கிப் பிடி, சுவத்துல இடிக்குது."

பிடித்தேன். இறக்கி முடித்ததும் அவள் எல்லாருக்கும் ஆளுக்கொரு துண்டு பை கொடுத்தாள். "டுவேன், உங்க ஷெட்டுல உக்கார நாற்காலி பத்தாதே? இந்த மேசையையும் நாற்காலியையும் எடுத்துட்டுப் போங்க. இங்க இனிமே எதுக்கு?" என்றாள். நன்றி சொல்லித் தூக்கிக்கொண்டு போனார்கள். வண்டிச் சத்தம் தெருவைக் கடந்து எதிர்வீட்டில் நின்றது.

பேஸ்மென்டில் நானும் அவளும் மிஷினும். அவள் அளவு டேப்பை எடுத்துச் சுவருக்குச் சுவர் அளந்துகொண்டிருந்தாள். ஒரு மூலை மட்டும் காலியாக இருந்தது போலத் தெரிந்தது.

"மார்லிஸ், நான் எப்பவாவது இங்க வந்து ஒரு ஓரமா உக்காந்துக்கலாமா?"

"இது என்ன கேள்வி, வெர்ன்? உன் வீடு. தாராளமா வா. நாற்காலி மட்டும் டுவேன்கிட்ட கேட்டு வாங்கிட்டு வா."