பள்ளிவாசல் தொட்டியும் என் மிதவைச் சுவிட்சும்

ஒரு வீட்டில் முதன்முதலாக ஒரு பிள்ளை படித்துவிட்டால், வீட்டார் அதை ஊருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டர் கட்டுப்பாடு படிக்கப் போன முதல் மாதத்திலிருந்தே, நிந்தவூரில் எவர் வீட்டில் ஃபேன் நின்றாலும் வாப்பா என் பெயரைச் சொன்னார். மோட்டார் சைக்கிளில் சவளக்கடை வரை மீன் விற்கப் போகிறவர் அவர். மீனோடு சேர்த்து என்னையும் கூவி விற்றார் என்றுதான் நினைக்கிறேன்.

அப்படித்தான் எங்கள் பள்ளிவாசல் தண்ணீர் மோட்டரும் என்னிடம் வந்தது. மேல்தொட்டி நிறைந்ததா, காலியா என்று பாங்கு சொல்லும் மோதினார்தான் ஏணியில் ஏறிப் பார்த்து, கீழே வந்து சுவிட்சைப் போடுவார். அவருக்கு முழங்கால் வலி. இது தானாகவே நடக்க வேண்டும் என்று வாப்பா பள்ளிவாசல் தலைவர் ஹாஜியாரிடம் போய், "எண்ட மகள் செய்வாள்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஹாஜியாருக்கு அரிசி மில்லும் உண்டு. எனக்கோ கடைசிப் பயிற்சிக்கு ஓர் இடம் தேவை. பயிற்சி இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை. பெண் பிள்ளை என்றதும் கல்முனையில் இரண்டு இடங்களில் சிரித்தே அனுப்பிவிட்டார்கள். ஹாஜியார் சிரிக்கவில்லை. "இத ஒழுங்காச் செய்யட்டும், மறுகா மில்லப் பத்திக் கதைப்பம்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை, ஆண்கள் எவரும் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். தொட்டிக்குள் மிதவைச் சுவிட்சைத் தொங்கவிட்டேன். தண்ணீரோடு ஏறி இறங்கும் ஒரு பிளாஸ்டிக் முட்டை அது. எப்போது ஓட வேண்டும் என்று மோட்டருக்குச் சொல்வது அதன் வேலை. மோதினாரின் பழைய கைச்சுவிட்சைச் சுவரிலிருந்து கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். "இது இருக்கட்டுமே மகள்" என்றார். இனித் தேவைப்படாது என்றேன். (அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.)

மின்சாரத்தைக் கொடுத்ததும் மோட்டர் அழகாக உறுமியது. தொட்டி ஏற்கெனவே நிறைந்திருந்ததை நான் யோசிக்கவில்லை. ஓடுகிறது, போதும். வீட்டுக்குப் போய்ப் பிளேன்டீ குடித்தேன்.

மதிய ஜும்ஆத் தொழுகைக்குச் சற்று முன் வாப்பாவின் அழைப்பு வந்தது. "மகள், தொட்டி வழியுது. மோட்டர் நிக்குதில்ல. வாசல்ல செருப்பெல்லாம் மிதக்குது."

புது மோட்டர் வேலைகளில் தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும் என்றேன். எங்கே படித்தேன் இதை? எங்கும் இல்லை. வாய் தானாகச் சொன்னது. மோதினாரிடம் சொல்லி மெயினை நிறுத்தச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் மீண்டும் அழைப்பு. இப்போது வாப்பாவின் குரல் இறங்கியிருந்தது. "எல்லாரும் உளுச் செஞ்சு தொட்டி காலி. மெயினப் போட்டாச்சு. இப்ப மோட்டர் ஓடுதில்ல மகள்."

நிறைந்தால் ஓடுகிறது, காலியானால் நிற்கிறது. இந்த மோட்டரை எனக்குத் தெரியும்! கல்லூரியில் நாங்கள் பழகியது மழைவெள்ளம் நிற்கும் பள்ளத்தில் வைக்கும் மோட்டர். பள்ளம் நிறைந்தால் ஓடி வெளியே இறைக்கும், வற்றினால் நிற்கும். அதை அப்படியே கொண்டுவந்து பள்ளிவாசல் தொட்டிக்குக் கட்டியிருக்கிறேன். கைச்சுவிட்சும் இல்லை. வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம், ஊர் ஆண்கள் முழுப்பேரும் அங்கே.

வாசலை எட்டிப் பார்த்தேன். சட்டைக் கையை மடித்த ஆண்கள் தொழுகைக்கு முன் கைகால் கழுவி உளுச் செய்ய, பள்ளிவாசலுக்கு அடுத்திருந்த எங்கள் கிணற்றடிக்கே வந்துவிட்டார்கள். உம்மா வாளியைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து என்னைப் பார்த்தார். "ஒளிஞ்சிரிக்கப் போறியா, போகப் போறியா?"

போனேன். கட்டுப்பாட்டுப் பெட்டி குழாய்களுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. நூற்றுக்கணக்கான ஆண்கள் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள். நனைந்த ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி ஹாஜியார் நின்றார்.

"என்ன புள்ள, உண்ட மோட்டருக்கு எங்களோட என்ன கோபம்?"

எவரோ இருமினார். அது சிரிப்பு என்று எல்லோருக்கும் தெரியும். மெயினை நிறுத்தி, பெட்டியைத் திறந்து, ஒரு வயரைக் கழற்றி அடுத்த இடத்தில் பூட்டினேன். ஸ்க்ரூ இரண்டு தரம் நழுவி விழுந்தது. இரண்டு தரமும் வாப்பாதான் தண்ணீருக்குள் தேடி எடுத்துத் தந்தார். மெயினைப் போட்டதும் மோட்டர் ஓடியது. நான் எவர் முகத்தையும் பார்க்காமல் நடந்தேன்.

தொழுகை முடிந்து ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். மில் கனவை மனத்துக்குள் அடக்கம் செய்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"என்ன பிழை?" என்று கேட்டார்.

பள்ளத்து மோட்டர் கதையைச் சொன்னேன்.

"ஒரு வயர்தானா?"

"ஓம் ஹாஜியார். ஒரு வயர்தான்."

"மில்லுல இரிக்கிற மெக்கானிக் பிழ விட்டா ஃபோன ஓஃப் பண்ணிப்போடுவான். பிறகு மூணு நாள் ஆளத் தேடணும்." எழுந்து செருப்பை மாட்டினார். அது இன்னும் சொட்டியது. "திங்கக்கிழம வா. ஆனா பழைய சுவிட்ச் ஒண்டையும் கழட்டப்படாது."

இன்று அந்த மில்லின் மோட்டர்கள் எல்லாம் என் பொறுப்பு. கைச்சுவிட்சு இல்லாத பெட்டி ஒன்றுகூட அங்கே கிடையாது. பள்ளிவாசலில் மோதினார் தன் பழைய சுவிட்சைத் திரும்பப் பூட்டச் சொல்லி, பூட்டி முடியும் வரை பக்கத்திலேயே நின்றார்.

வீட்டில்தான் எனக்கு விடுதலை இல்லை. கல்யாண வீடுகளில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது, வயிறு நிறைந்த பிறகும் நான் வட்டிலப்பம் என்ற இனிப்புக்குக் கை நீட்டினால், உம்மா பக்கத்திலிருப்பவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவார்.

"பேசாம உடுங்க. இவளுக்கும் மிதவய மாத்தித்தான் பூட்டியிரிக்கி. நிறைஞ்சாத்தான் ஓடுவாள்."