டொக்கு அண்ணனின் இடது காது

பூந்தமல்லியில் தொடங்கிப் பாடி மேம்பாலம் வரைக்கும் இருக்கிற காதுகளை எல்லாம் பிடித்து வந்து தராசின் ஒரு தட்டில் குவித்து, மறு தட்டில் டொக்கு அண்ணனின் இடது காதை மட்டும் வைத்தால், தராசு அவர் பக்கம்தான் சாயும். வலது காதைச் சேர்க்க வேண்டியதில்லை. முப்பது வருஷம் சுத்தியலுக்குப் பக்கத்திலேயே குடியிருந்ததில் அது எப்போதோ ராஜினாமா செய்துவிட்டது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். நான் கேட்டதில்லை. காரில் குழி விழுந்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு டொக்கு என்று பெயர். அதை எடுக்கிறவருக்கும் அதே பெயராகிவிட்டது. பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதில் அவரும் பெயிண்டர் செல்வமும். நான் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இடிபட்ட கார்களைப் பார்த்துச் சேதத்தை எழுதிக் கொடுக்கிற சர்வேயர். வாரத்தில் மூன்று நாளாவது அங்கே போய் நிற்பேன்.

காதின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் ஐ.டி.யில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் பழைய கார் ஒன்றை வாங்குவதற்கு முன்னால் அண்ணனிடம் காட்ட வந்தார். கூடவே புரோக்கர்.

"ஒரே ஓனர் சார். லேடி டாக்டர் ஓட்டின வண்டி. ஒரு கீறல் காட்டுங்க, நான் தொழிலையே விட்டுடறேன்" என்றார் புரோக்கர்.

அண்ணன் நடுவிரலை மடக்கி, இடது காதைச் சாய்த்து, முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போனார். பின்கதவில் நின்றார்.

"இன்னா நைனா, இது கதவா, பட்டியா?"

குழியை அடித்து நிமிர்த்தச் சோம்பல்பட்டு, பசையைப் பூசித் தேய்த்து மேலே பெயிண்ட் அடித்துவிடுவார்கள். அந்தப் பசைக்குத்தான் பட்டி என்று பேர்.

"இட்லி மாவு மாரி அப்பி வெச்சிக்கிறான். வண்டி ஒருதபா உருண்டுக்குது." இன்னொரு தட்டு. "லெஃப்ட்ல. நல்ல மயையில."

"மழைன்னு எப்படிண்ணே தெரியும்?" என்று தம்பி வாயைப் பிளந்தார்.

"உள்ள சேறு காஞ்சி கீது. அதான் பேசுதே, கேக்கல?"

டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போன புரோக்கர், எதிரே இருந்த டீக்கடையைத் தாண்டி, பஸ் ஏறிப் போய் வேறு எங்கோ டீ குடித்தார். இன்னும் திரும்பவில்லை.

அண்ணனுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வண்டி தருகிறேன் என்றால் செவ்வாய்க்கிழமை பதினோரு மணி. இந்த உலகத்தில் வேறு எந்த டிங்கரும் சொன்ன நாளில் வண்டி தந்ததாக என் ஃபைல்களில் பதிவு இல்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு காரை ஒன்றரை மாதம் வைத்துக்கொண்டு கொடுக்க மறுத்தார்.

அந்தக் கார் திருவேற்காட்டில் ஒரு ஃபிளாட்டில் இருக்கும் ரிடையரான கணக்கு டீச்சருடையது. வீட்டுக்காரர் இறந்த பிறகு, அவர் ஆசையாக வைத்திருந்த கார் சும்மா நிற்கக் கூடாது என்று அறுபத்திரண்டு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டவர். குமணன்சாவடியில் மெட்ரோ வேலைக்காக வைத்திருந்த தடுப்பு திடீரென்று சாலைக்குள் வந்துவிட்டது என்பது டீச்சரின் வாக்குமூலம். என் ரிப்போர்ட்டில் தடுப்பு நகரவில்லை. இடது பக்கம் இரண்டு கதவும் உள்ளே போயிருந்தன.

"பத்து நாள்ல எட்த்துக்கோம்மா" என்றார் அண்ணன்.

மூன்றாம் நாள் அது நடந்தது. டீச்சரின் வீட்டுக்காரர் பாட்டுப் பைத்தியம். கதவுக்கு ஒன்றாக நாலு பெரிய ஸ்பீக்கர் வைத்திருந்தார். ஒயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அண்ணன் பேட்டரியை இணைத்தார். உள்ளே இருந்த சி.டி. தானாகச் சுற்ற ஆரம்பித்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பாடினார்.

"தூக்கின சுத்தி தூக்கினபடியே நின்னுச்சு சார்" என்று செல்வம் பிறகு என்னிடம் சொன்னான். "கீழ எறங்கவே இல்ல. அண்ணாத்தேக்குக் கைகால் இஸ்துக்கிச்சோன்னு பயந்துட்டேன்."

மறுநாள் நான் போனபோது கொட்டகையில் சுத்தியல் சத்தமே இல்லை. விடுமுறையோ என்று பார்த்தால், அண்ணன் அந்தக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடி, இடது காதைக் கதவோடு ஒட்டி வைத்திருந்தார்.

"சார், இந்தம்மா கத்தவே இல்ல பாத்தியா?" என்றார் கண்ணைத் திறக்காமல். "பக்கத்துல குந்திகினு நம்மகிட்ட பேசற மாரி கீது. இத்தினி நாளா பாட்டுன்னாலே கத்தறதுன்னு நென்ச்சிகினு இருந்துக்கிறேன்."

முன்சீட்டில் சி.டி. பெட்டி இருந்தது. மூன்று தட்டு. அட்டையைப் படித்துச் சொன்னேன். "ரெண்டு வகைப் பாட்டுண்ணே. ஒண்ணு, ஜாஸ்காரங்க வழக்கமா பாடற பழைய பாட்டுங்க. இன்னொண்ணு பிரேசில் பக்கத்துது. போசா நோவான்னு பேரு."

"இன்னாது, பாச நோவா?"

அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் வாய்க்குள் உருட்டினார். "சரியாத்தான் பேர் வெச்சிக்கிறாங்க. பாசம் வெச்சா நோவத்தானே செய்யும்."

திருத்தலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பெண்மணி அடுத்த வரியைப் பாடினார். திருத்த வேண்டிய அவசியம் தெரியவில்லை.

"அந்தப் பழைய பாட்டெல்லாம் இவங்களுக்காக எழுதினது இல்லண்ணே. எத்தனையோ பேர் பாடினது" என்றேன்.

அண்ணனின் முகம் மாறியது. "அப்ப செகண்ட் ஹேண்டா?"

தொழில் புத்தி விழித்துக்கொண்டுவிட்டது. முதல் பாட்டிலிருந்து மறுபடி போட்டு, புரோக்கர் கொண்டுவந்த வண்டியைப் பார்க்கிற அதே சந்தேகத்தோடு ஒவ்வொரு அடியாகக் கேட்டார். நான் இரண்டு டீ குடித்தேன். கடைசியில் மெல்ல நிமிர்ந்தார்.

"எத்தினி பேர் வேணா ஓட்டிக்கட்டும் சார். இந்தம்மா ஒரு எடத்துலகூட பட்டி வெக்கல. டொக்கு வுயுந்த எடத்த மறைக்காம அப்டியே காட்டுது."

பிறகு நான் அந்தப் பாடகியைப் பற்றி ஆங்கிலத்தில் பெரிய பெரிய ஆட்கள் எழுதியதை எல்லாம் தேடிப் படித்தேன். இதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் கொட்டகையே மாறிவிட்டது. அண்ணனின் சுத்தியல் அந்தப் பெண்மணியின் தாளத்துக்கு விழ ஆரம்பித்தது. ஒரு அடி, ஒரு யோசனை, இரண்டு சின்ன அடி. டீக்கடை மாஸ்டர் தன்னை அறியாமல் அதே கணக்கில் ஆற்றினார். "பெயிண்ட் காயறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வருது" என்று செல்வம் புலம்பினான். ஒரு நாள் வாசலில் இரண்டு லாரிக்காரர்கள் வழிவிடாமல் ஹாரன் அடித்துச் சண்டை போட்டார்கள். அண்ணன் வெளியே ஓடினார்.

"யோவ்! உள்ள அம்மா பாடிகினு கீறாங்கய்யா!"

லாரிக்காரர்கள் காதைத் தீட்டிக் கேட்டார்கள். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் மெதுவாக இழுத்து இழுத்து வந்தது. யாரோ இறந்துபோய் ஒப்பாரி வைக்கிறார்கள் போலிருக்கிறது என்று இருவரும் ஹாரனிலிருந்து கையை எடுத்தார்கள். ஒருவர் கொட்டகையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியைப் பின்னால் எடுத்தார்.

ஒன்பதாம் நாளே கார் முடிந்துவிட்டது. எனக்குத் தெரியும், நான் பார்த்தேன். கண்ணாடி மாதிரி மின்னியது. அண்ணன் அதன் மேல் பெட்ஷீட் போட்டு மூடினார். டீச்சர் போன் செய்தபோது, "கதவு ரப்பர் பீடிங் வர்லம்மா" என்றார். அடுத்த வாரம், "பெயிண்ட் மேட்ச் ஆவலம்மா." அதற்கடுத்த வாரம் போன் அடித்தால் செல்வத்திடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். என் மேனேஜர் ஃபைலை ஏன் முடிக்கவில்லை என்று என்னைக் கேட்க, நான் பீடிங் வரவில்லை என்றேன். பொய் தொற்றிக்கொள்கிற வியாதி.

"அதே பாட்டை செல்வம் போன்ல எடுத்துத் தரான்ல? அதைக் கேட்டுட்டு வண்டியைக் கொடுங்கண்ணே" என்றேன்.

"கேட்டேன் சார். அது அந்தம்மாவோட ஃபோட்டோ. அந்தம்மா இந்தக் கதவுலதான் கீது." சுத்தியலைக் கீழே வைத்தார். அவர் கண்ணில் நிஜமான பயம் இருந்தது. "ரெண்டு வாரமா சோறு எறங்கல சார். ஊர்ல இருக்கறவன் வெச்ச பட்டிய எல்லாம் தட்டிக் கண்டுபுட்ச்சவன், இப்ப நானே வாய்ல பட்டி வெச்சிகினு திரியறேன். டீச்சரம்மா தட்டுனா தெரிஞ்சிடும்."

டீச்சர் தட்டத்தான் வந்தார். ஒரு காலை பதினோரு மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல், ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். நேராக உள்ளே போய்ப் பெட்ஷீட்டை உருவினார். கதவை ஒரு விரலால் தடவினார். விரலைப் பார்த்தார். தூசுகூட இல்லை, அண்ணன் தினமும் துடைத்திருந்தார்.

"இது எப்ப முடிஞ்சது?"

நாற்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்திய குரல். செல்வம் கம்ப்ரெஸருக்குப் பின்னால் மறைந்தான். நான் ஃபைலைப் படிக்க ஆரம்பித்தேன், தலைகீழாக. அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வண்டி அன்னிக்கே முட்ஞ்சிச்சும்மா. பாட்டுதான் முடியல."

"எந்தப் பாட்டு?"

"மூணாவது தட்டுல ஆறாவது பாட்டு." தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "பின்னாடி ஒருத்தர் பெரிய தந்திய டும்டும்னு தட்டிகினு வருவாரே, அந்தப் பாட்டுல மட்டும் அவரு வேற ஆளும்மா. மத்த எல்லாத்துலயும் ஒரே கை. இதுல கை மாறிக்குது. இந்தம்மா அதத் தாங்காம பாடுது. ஒவ்வொரு வரி முட்ஞ்சதும் கொஞ்சம் எடம் வுட்டு நிக்கிது. பழைய ஆளு அங்க ஒண்ணு தட்டுவாரு, அதுக்காக நிக்கிது. அவரு வர்ல. அவரு எங்க போனாருன்னு தெரியாம எனக்கு வண்டிய வுட மனசு வர்லம்மா. தப்புதான்."

டீச்சர் திட்டப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் கார்க் கதவைத் திறந்து, டேஷ்போர்டு அறையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். சி.டி.யோடு வந்த புத்தகம்.

"நான் கண்ணாடி எடுத்துட்டு வரல. எங்க வீட்டுக்காரர் உக்காந்து இதைப் படிச்சுக்கிட்டே இருப்பார். நான் ஒரு நாளும் பிரிச்சது இல்ல. அந்தப் பாட்டைப் பத்தி ஏதாவது போட்டிருக்கா, பாருங்க சார்."

எறும்பு எழுத்து. கடைசிப் பக்கத்தில் இருந்தது. படித்துத் தமிழில் சொன்னேன். அந்தப் பாடகிக்கு முதல் நாளிலிருந்து பெரிய தந்தி வாத்தியம் வாசித்தவர், மூன்றாவது தட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது பாதியில் இறந்துபோயிருக்கிறார். ஒரே ஒரு பாட்டு பாக்கி. வேறு ஒருவரை வைத்துக்கொண்டு அதை ஒரே தடவை பாடிவிட்டு, திரும்பப் பாட மாட்டேன் என்று அந்தப் பெண்மணி எழுந்து போய்விட்டாராம். அதுதான் ஆறாவது பாட்டு.

சொல்லி முடித்துப் புத்தகத்தை மூடினேன். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து தெரியாது அண்ணனுக்கு. கேட்கிற காதும் ஒன்றுதான். கடல் தாண்டி எங்கேயோ ஒரு ஆள் இல்லாமல் போனதை, பூந்தமல்லித் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறார். செல்வம் கம்ப்ரெஸருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து அண்ணனையே பார்த்தான்.

"செத்துட்டாரா?" என்றார் அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர் இறந்த செய்தியைக் கேட்ட மாதிரி.

டீச்சர் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "இந்தப் பாட்டு வந்தா, ஒரேயடியா இழுக்குது, அடுத்ததைப் போடுங்கன்னு நான்தான் சொல்லுவேன். அவர், கொஞ்சம் இரு, கொஞ்சம் இருன்னுவார்." ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னாலேயே பார்த்தார். "போடுப்பா அதை."

நாலு பேரும் காருக்குள் உட்கார்ந்து கேட்டோம். ஒவ்வொரு வரி முடிந்ததும் அந்த இடைவெளி வந்தது. தினமும் அந்தக் கொட்டகையில் கேட்ட பாட்டுதான். அன்றைக்குத்தான் நானும் அங்கே காத்திருந்தேன்.

டீச்சர் தட்டுகளை அண்ணனுக்கே கொடுத்துவிட்டுப் போனார் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. காரையும் பாட்டையும் எடுத்துக்கொண்டு, ஒரு மாதத்துக்கு மேல் தாமதம் என்று என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு, முதல் கியரில் உறுமிக்கொண்டே போனார்.

மூன்று வாரம் கழித்துத் திரும்ப வந்தார். பின்கதவில் ஒரு டொக்கு.

"எங்கம்மா இட்ச்சீங்க?"

"பார்க்கிங் சுவர்ல."

அண்ணன் விரலை மடக்கித் தட்டினார். காதை வைத்தார். "செவுறு இல்லம்மா இது. கட்ட. உருண்ட கட்ட." இன்னொரு தட்டு. "சப்பாத்திக் கட்ட."

"வேலையப் பாருப்பா" என்று டீச்சர் பாட்டைப் போட்டார்.

அதற்கடுத்த மாதம் முன்கதவு. பிறகு டிக்கி. எந்த டொக்குக்கும் அவர் இன்சூரன்ஸ் கேட்டதில்லை என்பதால் நான் சட்டப்படி எதையும் பார்க்கவில்லை. அண்ணன் இப்போது சுத்தியல் எடுத்தால் இடது காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறார். "இருக்கறது ஒண்ணு. அத அந்தம்மாவுக்குன்னு வெச்சிக்கிறேன் சார்."

எங்கள் கம்பெனியில் எல்லாம் மாறிவிட்டது. வண்டிக்காரரே போனில் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார், நான் அம்பத்தூர் ஆபீஸில் உட்கார்ந்து திரையைப் பார்த்து எழுதுகிறேன். கொட்டகைக்குப் போக எனக்கு ஒரு காரணமும் கிடையாது. காரும் கிடையாது. பழைய தகர பாடி ஸ்கூட்டர் ஒன்று இருக்கிறது. நேற்று காலை அதை வீட்டு கேட்டில் மெதுவாக ஒரு தடவை முட்டிப் பார்த்தேன். கீறல்தான் விழுந்தது. அக்கம்பக்கம் யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், இன்னொரு தடவை கொஞ்சம் பலமாகவே முட்டினேன்.